முதல் எட்டு வாரமும் கடைசி எட்டு வாரமும்

(விவேக் நகரில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

போன மாதக் கூட்டத்தில் வாடகை அட்வான்ஸ் பற்றிப் பேசினோம், ரேஷன் அட்டை மாற்றுவது பற்றிப் பேசினோம். கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தது தெரிந்தது. பிறகு உள்ளே வந்து ஒரு சீட்டை நீட்டினார். ஆஸ்பத்திரிச் சீட்டு. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் திரும்பக் கூப்பிட்டு மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். தைராய்டு குறைவு என்று சொல்லி, தினமும் ஒரு மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சகோதரி கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. "ஏன்ணா, நான் ரோஜா ஷெட்டுல வேலை செஞ்சதாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு எங்க மாமியா சொல்றாங்க. ஆமாவா, இல்லையா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்று கேட்டார்.

நாம் படித்தது பத்தாம் வகுப்பு. ரயில்வேயில் சரக்கு ரசீதும் சம்பளப் பட்டியலும் எழுதுகிற குமாஸ்தாவுக்கு இதற்கு என்ன பதில் தெரியும்? அன்றைக்கு, "விசாரித்துச் சொல்கிறோம் அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டு மறந்துபோகிற சங்கமாக நாம் இருக்கக்கூடாது என்பதால், இந்த ஒரு மாதம் விடுப்பு நாளில் எல்லாம் அலைந்தோம். அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். நம் தெருவில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துத் தமிழில் சொன்னாள். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அந்தக் குதிகால் ரத்தம் எதற்கு என்று தெரிந்துகொள்வோம். ஹார்மோன் என்பது உடம்புக்குள் ரத்தத்தின் வழியாகப் போகும் உத்தரவு. ஆபீஸில் தபால் போகிற மாதிரி ஒரு சுரப்பி எழுதி அனுப்புகிறது, இன்னொரு உறுப்பு அதைப் படித்து வேலை செய்கிறது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அனுப்பும் உத்தரவைக் கொண்டுதான் குழந்தையின் மூளை வளர்கிறது. தைராய்டு சரியாக வேலை செய்யாவிட்டால், தலையில் இருக்கும் பிட்யூட்டரி என்ற மேலதிகாரி டி.எஸ்.எச். என்ற மெமோவைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார். வேலை நடக்காத செக்ஷனுக்குத்தான் மெமோ அதிகம் வரும், நமக்குத் தெரியாததா! குதிகால் ரத்தத்தில் அந்த மெமோக்களைத்தான் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தைராய்டு குறைவு என்று பொருள்.

இந்தக் குறைபாடு நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும், பள்ளிக்கூடம் போகும். கண்டுபிடிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி குன்றும். ஆகவே அந்தச் சகோதரியின் பிள்ளைக்கு நடந்தது நல்ல காரியம். டாக்டரும் அதையே சொன்னார். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வருவதற்குக் காரணம், கருவிலேயே அந்தச் சுரப்பி சரியாக உருவாகாமல் போவது. பூச்சி மருந்தை அறியாத வீடுகளிலும் இது உண்டு.

அப்படியென்றால் மாமியார் சொன்னது வெறும் வாய்ப்பேச்சா? அதற்கு நாம் கொஞ்ச தூரம் போய் வரவேண்டும்.

நம் மாநிலத்தின் மேற்குக் கோடியில் மங்களூரைத் தாண்டினால் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம். அங்கே கேரள அரசின் தோட்டக் கழகத்துக்கு மலை மலையாக முந்திரித் தோட்டங்கள், ஏறத்தாழ 4,600 ஹெக்டேர். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கொல்ல 1970களின் பின்பாதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் என்ற மருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. தோட்டம் மலைமேல், ஜனங்கள் பள்ளத்தாக்கில். அந்தப் பக்கத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி அதில் கசியும் நீரைத்தான் குடிப்பார்கள். மேலே தெளித்தது மழையோடு இறங்கிச் சுரங்கத்துக்கும் ஓடைக்கும் வந்தது. கால் நூற்றாண்டு காலம் இப்படி.

முதலில் பார்த்தவர்கள் யார் தெரியுமா? பெரிய ஆராய்ச்சியாளர்கள் அல்ல. பத்ரே என்ற கிராமத்தில் டாக்டர் மோகன குமார் என்பவர் 1980களின் தொடக்கத்திலிருந்து வைத்தியம் பார்த்துவந்தார். ஒரே ஊரில், அடுத்தடுத்த வீடுகளில், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளும், வலிப்பு வரும் குழந்தைகளும், கை கால் கோணிப் பிறந்த குழந்தைகளும் இவ்வளவு பேர் ஏன் என்று கேட்டார். அதே ஊர்க்காரரான ஸ்ரீ பத்ரே என்ற பத்திரிகையாளர் எழுதினார். பெரிய என்ற ஊரில் விவசாய இலாகாவில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா என்ற பெண்மணி தன் வீட்டு மேலே மருந்து கொட்டுவதை எதிர்த்து 1998இல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அரசு ஊழியராக இருந்துகொண்டு அரசுக் கழகத்தின் மேல் வழக்கு! நாமும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். அதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கோர்ட் தடை கொடுத்தது. 2000ஆம் ஆண்டோடு ஹெலிகாப்டர் நின்றது.

நம் விஷயத்துக்கு நேராக வருவது அடுத்த ஆண்டு நடந்தது. அகமதாபாத்தில் இருக்கும் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார், மத்திய அரசின் ஆராய்ச்சிக்காரர்கள், 2001இல் பத்ரேக்கு வந்தார்கள். 10 வயது முதல் 19 வயது வரை உள்ள 117 பையன்களைச் சோதித்தார்கள். மருந்து தெளிக்காத வேறொரு ஊரில் அதே வயதுப் பையன்கள் 90 பேரையும் சோதித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2001இல் பத்து வயது என்றால் பிறந்தது 1991, பத்தொன்பது என்றால் 1982. அத்தனை பேரும் ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருந்த காலத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்கள்.

தெளிப்பு நின்று பத்து மாதம் கழித்தும் அந்தப் பையன்களில் நூற்றுக்கு 78 பேர் ரத்தத்தில் எண்டோசல்பான் இருந்தது. சராசரி அளவு மற்ற ஊர்ப் பையன்களைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆண்பிள்ளை வயசுக்கு வருவதைச் செய்விக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், ரத்தத்தில் மருந்து கூடக் கூடக் குறைவாக இருந்தது. அந்த ஹார்மோனைச் சுரக்கச் சொல்லித் தலையிலிருந்து வரும் எல்.எச். என்ற உத்தரவு கூடுதலாக இருந்தது. மேலதிகாரி கத்துகிறார், கீழே வேலை நடக்கவில்லை. வயசுக்கு வரும் அடையாளங்கள் தள்ளிப்போயின. விரை இறங்காமை, குடலிறக்கம் போன்ற பிறவிக் குறைகள் அங்கே நூற்றுக்கு 5.1, மற்ற ஊரில் 1.1. இந்தப் பிறவிக் குறை விஷயத்தில் மட்டும், எண்ணிக்கை சிறிது என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதினார்கள். 2003இல் இந்த ஆய்வு வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சானது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை உலகம் முழுக்க ஒழிக்க முடிவு செய்தன. அங்கே கடைசிவரை மருந்தின் பக்கம் நின்று வாதாடியது நம் இந்திய அரசு. 2011 மே 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடு என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, 2022 மே மாதத்தில் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் பணம் வாங்கியிருந்தவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் அவமதிப்பு வழக்குப் போட்டவர்கள். கேட்டவனுக்குக் கிடைத்தது, கேட்காதவனுக்குக் கிடைக்கவில்லை.

அது கேரளத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் கர்நாடகத்தின் தட்சிண கன்னடத்தில் கொக்கட, பட்ரமே, நிட்லே முதலிய ஊர்களிலும் முந்திரிக் கழகத் தோட்டங்களில் இதே மருந்தைத் தெளித்தார்கள். அங்கும் அதே பிள்ளைகள், அதே தாய்மார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நிவாரணமும் மாத உதவித்தொகையும் வந்தன.

"அண்ணே, அது வானத்திலிருந்து கொட்டியது, அந்த மருந்தே இப்போது தடை. நம் ஷெட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் டென்மார்க்கிலிருந்து வருகிறது.

டென்மார்க்கில் ஃபூன் என்று ஒரு தீவு. அங்கே கண்ணாடிக் கொட்டகைகளில் பூச்செடி வளர்க்கிறார்கள். வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம். 1990களின் பின்பாதியில் அங்கே கர்ப்பமான தொழிலாளிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளில் 113 பேரை மூன்று மாத வயதில் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் ஏன் என்றால், அந்த வயதில் ஆண் குழந்தைக்கு டெஸ்டோஸ்டிரோன் சில வாரங்கள் தானாகவே உயர்ந்து பிறகு தணியும். உள்ளே எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் சமயம். முடிவு 2008இல் வெளிவந்தது. மருந்துள்ள கொட்டகையில் வேலை செய்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, மருந்தில் படாத தாய்மார்களின் பிள்ளைகளைவிட டெஸ்டோஸ்டிரோன் குறைவு. விரையின் அளவு சிறிது. சோதித்த பிள்ளைகளில் விரை இறங்காமை நூற்றுக்கு 6.2. தலைநகர் கோபன்ஹேகனில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் அது நூற்றுக்கு 1.9.

இந்தப் பெண்களில் மருந்தடித்தவர்கள் மட்டும் இல்லை. மருந்தடித்த செடியைக் கையால் தொட்டு, கிள்ளி, பிரித்துக் கட்டுகிறவர்களும் உண்டு. நம் பெண்கள் செய்யும் அதே வேலை.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். அந்த நாட்டில் கர்ப்பம் என்று தெரிந்தவுடன் அந்தப் பெண்ணை மருந்தில்லாத வேலைக்கு மாற்றினார்கள், அல்லது சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நாம் கனவில்கூடக் கேட்கத் துணியாததை அவர்கள் செய்தார்கள். செய்தும் பிள்ளைகளிடம் மாற்றம் தெரிந்தது! ஏன்? "தள்ளிப்போயிருக்கு" என்று ஒரு பெண்ணுக்குத் தெரிவதற்குள், சந்தேகம் தீர்ந்து டாக்டரிடம் போவதற்குள், ஆறு வாரம், எட்டு வாரம் ஆகிவிடுகிறது. ஆண் குழந்தையின் உறுப்பு உருவாகத் தொடங்குவது அந்த வாரங்களில்தான். தைராய்டும் அப்படியே. முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. தாயின் ஹார்மோனை வாங்கித்தான் மூளை வளர்கிறது. தாய்க்கே தெரியாத நாட்களில் பிள்ளைக்கு வேண்டிய உத்தரவுகள் எழுதப்படுகின்றன. அந்தச் சமயம் பார்த்துத் தபாலில் கள்ளக் கையெழுத்துப் போட்ட கடிதம் கலந்தால் என்ன ஆகும்? எண்டோசல்பான் போன்றவை அந்தக் கள்ளக் கையெழுத்து வேலையைத்தான் செய்கின்றன, பெண் ஹார்மோனைப்போல நடிக்கின்றன.

இப்போது நம் ஷெட்டுக்கு வருவோம். ஈஜிபுரா சிக்னலில் காலை ஐந்தரைக்கு வேன் வந்து நிற்கிறது. நம் பக்கத்திலிருந்து இருபது, இருபத்தைந்து பெண்கள் ஏறுகிறார்கள். சர்ஜாபுரம், அத்திப்பள்ளி, ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸ் என்ற பிளாஸ்டிக் கொட்டகைகளில் ரோஜா, ஜெர்பரா. திறந்த வயலில் அடித்த மருந்தைக் காற்று கொஞ்சம் கொண்டுபோகும், கொட்டகைக்குள் போவதற்கு வழியில்லை. முந்தின நாள் மாலை அடித்திருப்பார்கள், காலையில் இலை ஈரமாகவே இருக்கும். கையுறை முள்ளுக்காகத் தருவது, அதுவும் கிழிந்தது. வியாழக்கிழமை நம் குழந்தை இயேசு கோயில் வாசலில் மாலையாகத் தொங்கும் ரோஜாவை யார் முகர்ந்து பார்த்தாலும், அதன் பின்னால் இருக்கும் ஈர இலையை அவருக்குத் தெரியாது.

அந்த மருந்துகளில் ஒன்று மேன்கோசெப். மஞ்சள் தூள், பூஞ்சைக்கு அடிப்பது, தக்காளிக்கும் திராட்சைக்கும் ரோஜாவுக்கும் நாடெங்கும் அடிக்கிறார்கள். அது உடம்பிலும் வெளியிலும் சிதைந்து ஈ.டி.யு. என்ற பொருளாக மாறும். ஈ.டி.யு. தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடியது என்று விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் நெடுங்காலத்துக்கு முன்பே தெரியும். கோஸ்டா ரிக்கா நாட்டில் மாதினா என்ற வாழைத் தோட்டப் பகுதியில் விமானத்தில் இதைத் தெளிக்கிறார்கள். அங்கே 451 கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். தோட்டத்துக்கு வீடு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்கு ஈ.டி.யு. கூடுதலாக இருந்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோது, பழைய டி.டி.டி. மிச்சம் கூடுதலாக இருந்த ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவாக இருந்தது. சோதித்தது சில டஜன் குழந்தைகளை மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மேன்கோசெப் டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கிறது, பச்சை நிறம். நம் மேஸ்திரிமார் அதைக் காட்டி, "பச்சைதானே, ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அவர்களும் தெரியாமல்தான் சொல்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களும் அதே ஷெட்டில் இருக்கிறார்கள். அந்த முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று போடுவது, எவ்வளவு மருந்து உள்ளே போனால் எலி உடனே சாகும் என்ற கணக்கை வைத்து. சிவப்பு என்றால் கொஞ்சத்திலேயே சாகும், பச்சை என்றால் நிறையப் போனால்தான் சாகும். வயிற்றுப் பிள்ளையின் ஹார்மோனை என்ன செய்யும் என்பதற்கு அந்த முக்கோணத்தில் நிறமே கிடையாது.

இதெல்லாம் தெரிந்தும் அரசு என்ன செய்தது? 2020 மே மாதத்தில் மத்திய விவசாய அமைச்சகம் 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக நகல் உத்தரவு போட்டது. மேன்கோசெப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஆட்சேபம் எழுதினார்கள். கமிட்டி போட்டார்கள். 2023இல் இறுதி உத்தரவு வந்தபோது முழுத் தடை மூன்றே மருந்துக்கு. மேன்கோசெப் அதில் இல்லை. மாநில அரசு செய்யக்கூடாதா என்றால், 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநிலத்துக்கு அறுபது நாள் நிறுத்திவைக்கத்தான் அதிகாரம், மேலே ஒரு முப்பது நாள் நீட்டலாம். 2011 பிப்ரவரியில் கர்நாடகம் எண்டோசல்பானுக்குப் போட்ட தடையும் அறுபது நாள் தடைதான். ஒரு கர்ப்பம் இருநூற்று எண்பது நாள்.

சரி, பிரசவகாலச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1961இல் வந்தது, 2017இல் திருத்தி 26 வாரம் ஆக்கினார்கள், இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். நல்ல சட்டம், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் எட்டு வாரம். சட்டம் கடைசி எட்டு வாரத்தைப் பார்க்கிறது. மருந்து முதல் எட்டு வாரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. அதுவும் மேஸ்திரி கையில் கூலி வாங்கும் பெண்ணுக்கு, வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத பெண்ணுக்கு, எந்த எட்டு வாரமும் கிடையாது.

நடப்பது என்ன? நாலு ஷெட்டில் விசாரித்தோம். மூன்றில் "முழுகாம இருக்கறவங்க வரவேண்டாம்" என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். கேட்கும்போது கருணைபோலத் தோன்றும். சம்பளம் இல்லாமல், மாற்று வேலை இல்லாமல் வரவேண்டாம் என்பது கருணையா? ஆகவே நம் பெண்கள் ஐந்தாம் மாதம் வரை, ஆறாம் மாதம் வரை புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டு மறைக்கிறார்கள். வாந்தி வந்தால் பித்தம் என்கிறார்கள். அந்தச் சகோதரியும் ஆறாம் மாதம் வரை மறைத்துத்தான் வேலை செய்தார். பிள்ளையைக் காக்க வந்த விதியே அவரை மருந்துக்குள் வைத்திருந்தது.

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறோம். தாயே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பெயர் சொல்லப் போவதில்லை. உங்கள் பிள்ளைக்கு இது ஷெட்டு மருந்தால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இது வேறு காரணத்தால் வருவது. கூட்டமாகச் சோதித்தால் தெரிகிற உண்மை, தனி ஒரு குழந்தையில் தெரியாது. மருந்து ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல முடியாது, மேலே சொன்னதைக் கேட்டீர்கள். ஆனால் மாமியார் அம்மாவும் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது உறுதியாகச் சொல்லலாம்: உங்கள் மருமகள் செய்த தப்பு இதில் ஒன்றும் இல்லை. ஈர இலைக்குள் அவரை அனுப்பியவர் வேறு. அவர் கொண்டுவந்த கூலியில் நீங்களும் நானும் அரிசி வாங்கினோம், அல்லவா?

நம்மைப் போலவே ஊரைவிட்டு வந்தவர்கள் கதை ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சலினாஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு, கீரையும் ஸ்ட்ராபெரியும் விளையும் ஊர். கூலி வேலை முழுக்க மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். 1999-2000இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அங்கே 601 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2011இல் சொன்னார்கள்: தாயின் சிறுநீரில் பூச்சி மருந்துத் தடயம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்த பங்கைவிட, ஏழு வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக ஏழு குறைவு. நாம் ஊரைவிட்டு இங்கே வந்ததே பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான். தேனி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போவதும் அதற்குத்தான்.

இதைப் பேசினால் ஷெட்டுக்காரர் நம்மை நிறுத்திவிட்டு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் கொண்டுவருவார் என்று சில தோழர்கள் பயப்படுகிறார்கள். பயம் பொய்யல்ல. இந்த ஊரில் ஒருகாலத்தில் நம்மைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். ஒடிசாவிலிருந்து வரும் பெண்ணுக்கும் கர்ப்பம் தெரிய எட்டு வாரம் ஆகும். ஆகவே கோரிக்கையைத் தமிழில் மட்டும் எழுதாமல் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதுகிறோம். இந்தி எழுத நமக்கு வராது, ரயில்வேயில் ஒரு நண்பர் எழுதித் தருகிறார்.

கோரிக்கையில் கர்ப்பிணி என்ற சொல்லையே நாம் போடவில்லை. போட்டால் மறுபடியும் "வரவேண்டாம்" என்ற இடத்துக்கே போகும். மருந்தடித்த கொட்டகையைக் காயும்வரை, லேபிளில் எழுதிய நேரம் வரை, ஆண் பெண் எல்லோருக்கும் பூட்டு. அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடு, கூலியை வெட்டாதே. என்றைக்கு என்ன மருந்து அடித்தாய் என்று வாசலில் எழுதி வை. கையுறையும் உடையும் கொடு, அந்த உடையை அங்கேயே துவைக்க ஏற்பாடு செய். பூச்சிக்கொல்லி விதிகளில் பாதுகாப்பு உடையும் மருந்தடிப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் 1971இலிருந்தே எழுதியிருக்கிறது. புதிதாக நாம் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டு விஷயம் இரண்டு மட்டும். ஷெட்டில் கட்டிய புடவையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், அதைத் தனியாக அலசுங்கள். காலி மருந்து டப்பாவைத் தண்ணீருக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் இரண்டு வீட்டில் இருக்கிறது, எந்த வீடு என்று நமக்குத் தெரியும், இன்றைக்கே ஓட்டை போட்டு எறிந்துவிடுங்கள். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குதிகால் ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். அழுகிறதே என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள்.

கோரிக்கைத் தாள் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஷெட்டின் பெயரை எழுதவேண்டாம், யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்பது நம் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். ஆண்களும் போடவேண்டும். புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு, வேன் வருவதற்கு அரை மணி முன்னதாக, ஈஜிபுரா சிக்னலில் நாங்கள் நிற்கிறோம். அந்தச் சகோதரியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையை அன்றைக்கு மாமியார் பார்த்துக்கொள்கிறார்களாம்.